உறங்குவோரை எழுப்பாத ஓசை

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

நம் வீடுகளில் உள்ள ஹை-ஃபை பெட்டிகளின் முகப்பில், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்கு அருகே, சிறிய வட்டத் துளை ஒன்று இருக்கும். அதன் கீழே ‘ஃபோன்ஸ்’ என்று எழுதியிருக்கும். பல வீடுகளில் ஆண்டுக்கணக்கில் அதனுள் எதுவும் நுழைந்திருக்காது. ஆனால் அத்துளைக்கு நூறாண்டைக் கடந்த ஒரு வரலாறு உண்டு. ஒருவர் கேட்பது மற்றவருக்குத் தொல்லையாகாமல் இருப்பது எப்படி என்ற வினாவும் அவ்வரலாற்றினூடே ஓடுகிறது. அந்த வினாவுக்கு நம் மார்க்கம் மின்சாரம் தோன்றுவதற்குப் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே விடை கூறியிருக்கிறது. கருவியின் வரலாற்றையும் அந்த விடையையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இசையைக் குறித்த மார்க்கச் சட்டம் தனியே பேச வேண்டிய பொருள். இங்கு நாம் ஒலியின் அளவைப் பற்றியும், அதில் பிறருக்குள்ள உரிமையைப் பற்றியும் மட்டுமே பேசுகிறோம்.

திரைக்கு அப்பால் இருந்து வந்த அறிவுரை

நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசலில் இஃதிகாஃப் இருந்த ஒரு சமயம். மக்கள் உரத்த குரலில் குர்ஆன் ஓதுவது அவர்களின் செவியில் விழுந்தது. அவர்கள் திரையை விலக்கி, நீங்கள் ஒவ்வொருவரும் உங்கள் இறைவனுடன் தனித்து உரையாடுகிறீர்கள். ஆகவே ஒருவர் மற்றவருக்குத் தொல்லை தர வேண்டாம், ஓதும்போது ஒருவரின் குரலை மற்றவர் குரலுக்கு மேல் உயர்த்த வேண்டாம் என்ற கருத்துப்பட அறிவுறுத்தினார்கள். அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் அபூதாவூதில் பதிவாகியுள்ளது. இங்கு ஓதப்பட்டது வீண் பேச்சன்று, அல்லாஹ்வின் வேதம். இடமும் சந்தையன்று, பள்ளிவாசல். அவ்வாறிருந்தும், பிறருக்கு இடையூறாகும் ஓசைக்கு அங்கே இடமளிக்கப்படவில்லை.

இதனால் உரத்து ஓதுவதே தவறு என்று முடிவு கட்டிவிடலாகாது. அஷ்அரீ குலத்தார் இரவில் தங்கள் இருப்பிடங்களில் ஓதும் குரலைக் கொண்டே அவர்கள் தங்கியிருக்கும் இடத்தைத் தாம் அறிந்துகொள்வதாக நபி (ஸல்) அவர்கள் பாராட்டிக் கூறிய செய்தி புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அபூபக்ர் (ரலி) அவர்கள் மிக மெல்லிய குரலில் ஓதியபோது சற்று உயர்த்துமாறும், உமர் (ரலி) அவர்கள் உரக்க ஓதியபோது சற்றுத் தாழ்த்துமாறும் நபியவர்கள் கூறினார்கள். ஸூரா பனூ இஸ்ராயீலின் 110ஆம் வசனமும் தொழுகையில் மிக உரக்கவும் வேண்டாம், மிக மெதுவாகவும் வேண்டாம், இரண்டுக்கும் நடுவே ஒரு வழியைத் தேடுக என்றே வழிகாட்டுகிறது. அவ்வசனம் மக்காவில் அருளப்பட்ட சூழலை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் விளக்கியிருக்கிறார்கள். குரல் உயர்ந்தால் இணைவைப்போர் கேட்டு வேதத்தை ஏசுவார்கள். மிகத் தாழ்ந்தால் பின்னால் நிற்கும் தோழர்களுக்கே கேட்காது. ஓசை யாரைச் சென்றடைய வேண்டுமோ அவரை அடைய வேண்டும், அதற்கு அப்பால் போகக் கூடாது. இதுவே அந்த நடுவழி.

மிக்தாத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு செய்தி இதற்கு அழகிய உதாரணம். நபி (ஸல்) அவர்கள் இரவில் வரும்போது, விழித்திருப்பவருக்குக் கேட்கும்படியும் உறங்குபவர் எழுந்துவிடாதபடியும் ஸலாம் சொல்வார்கள். முஸ்லிமில் உள்ள இந்த ஹதீஸை மனத்தில் இருத்திக்கொண்டு நாம் கருவியின் வரலாற்றுக்குள் செல்வோம்.

தொலைபேசி நிலையத்தில் பிறந்த துளை

ஹெட்ஃபோன் பின் நுழையும் அந்தத் துளை முதலில் தொலைபேசி நிலையங்களில் தோன்றியது. 1878ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் முதல் வணிகத் தொலைபேசி நிலையம் தொடங்கப்பட்டது. ஒரு வீட்டின் கம்பியை மற்றொரு வீட்டின் கம்பியோடு இணைப்பது அங்கிருந்த ஊழியர்களின் வேலை. இணைப்புகள் பெருகியபோது, பலகை நிறையத் துளைகளும் அவற்றில் செருகி எடுக்கும் பின்களும் வந்தன. கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர் தடிமன் உள்ள அந்தப் பின்னின் வழித்தோன்றலே இன்றைய ஹை-ஃபை பெட்டிகளின் பெரிய ஹெட்ஃபோன் பின். இத்தனை நெடுங்காலம் அளவு மாறாமல் புழக்கத்தில் நிற்கும் மின்சாதன உறுப்புகள் மிகச் சிலவே.

தொலைவில் எழும் ஓசையைச் செவியோடு பொருத்திக் கேட்கும் ஆசையும் அக்காலத்திலேயே பிறந்தது. 1881இல் பாரிஸில் நடந்த மின்னியல் கண்காட்சியில், கிளெமென் அதேர் என்ற பொறியாளர் நகரின் இசை நாடக அரங்கிலிருந்து தொலைபேசிக் கம்பி இழுத்து வந்து, கண்காட்சிக்கு வந்தோரைக் கேட்கச் செய்தார். அவர்கள் ஒவ்வொரு காதிலும் ஒரு கேட்பான் வைத்துக் கேட்டார்கள். மேடையில் ஒருவர் இடமிருந்து வலம் நகர்வதையும் அவர்களால் உணர முடிந்தது. ஆனால் கேட்பான்களைக் கையால் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டியிருந்தது.

சமையலறையில் உருவான கருவி

தலையில் அணிந்து கேட்கும் கருவி அந்நாளைய தொலைபேசி ஊழியர்களிடமும் இருந்தது. அது கனமானது, ஒலியும் மங்கலானது. மெல்லிய ஒலியையும் தெளிவாகத் தரும் கருவியை உருவாக்கியவர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தானியேல் பால்ட்வின். மார்மன் சமயத்தவரான அவர், பெரிய வழிபாட்டு மண்டபத்தில் நிகழ்த்தப்படும் சமய உரைகள் தமக்குச் சரியாகக் கேட்காததால் இம்முயற்சியில் இறங்கினார் என்று அவரது வரலாற்றில் சொல்லப்படுகிறது. 1910இல் தம் கருவியை அமெரிக்கக் கடற்படையின் சோதனைக்கு அனுப்பினார். அதன் திறனைக் கண்ட கடற்படை மேலும் கேட்டது. அவரோ தம் வீட்டுச் சமையலறையில் வைத்து ஒரு முறைக்குச் சில கருவிகளையே செய்து அனுப்ப முடிந்தது.

கம்பியில்லாத் தந்திச் செய்தியைக் கேட்கும் கடற்படையினருக்கு அக்கருவி இன்றியமையாததாக இருந்தது. காரணம் எளியது. அன்றைய வானொலிப் பெட்டி பிடித்த சமிக்ஞை மிக நலிந்தது. அறை முழுவதும் கேட்கும் ஒலியை எழுப்ப அதற்கு வலுவில்லை. ஓசை பெருகாத காலத்தில் அதைத் தேடிச் செவி நெருங்கிச் சென்றது. வெற்றிடக் குழாய்கள் வந்து ஒலியைப் பெருக்கத் தொடங்கிய பிறகே ஸ்பீக்கர்கள் வீடுகளை நிறைத்தன. அண்டை வீட்டுக்காரரின் தொல்லையும் அதன்பின் தொடங்கியது.

வீட்டுப் பெட்டியோடு சேர்ந்த கதை

1937இல் பெர்லினில் ஆய்கன் பேயரின் நிறுவனம் ‘டிடி 48’ என்ற ஹெட்ஃபோனை வெளியிட்டது. ஸ்பீக்கரில் உள்ளது போன்றே, காந்தத்தின் நடுவே அசையும் சுருளைக் கொண்டு இயங்கிய முதல் ஹெட்ஃபோன் அது. இன்று நாம் வாங்கும் பெரும்பாலான ஹெட்ஃபோன்கள் அதே தத்துவத்தில்தான் இயங்குகின்றன. எனினும் அது ஒலிப்பதிவுக் கூடங்களுக்கும் வானொலி நிலையங்களுக்கும் உரியதாகவே இருந்தது, வீட்டுக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்தது 1958இல். அமெரிக்காவின் மில்வாக்கி நகரைச் சேர்ந்த ஜான் காஸ் என்பவர், எடுத்துச் செல்லக்கூடிய ஒலித்தட்டுப் பெட்டி ஒன்றை அவ்வூர்க் கண்காட்சியில் வைத்தார். பிறரைத் தொந்தரவு செய்யாமல் ஒருவர் மட்டும் கேட்பதற்காக அதனுடன் ஒரு ஜோடி ஹெட்ஃபோனையும் இணைத்திருந்தார். வந்தவர்கள் பெட்டியை விட்டுவிட்டு ஹெட்ஃபோனையே விரும்பினர். இடம், வலம் என இரு தடங்களில் ஒலி தரும் ஸ்டீரியோ ஒலித்தட்டுகள் அப்போதுதான் கடைகளுக்கு வந்திருந்தன. அவற்றின் முழுச் சுவையை ஹெட்ஃபோன் காதருகே கொண்டு வந்தது. ஆனால் அன்றைய வீட்டு ஆம்ப்ளிஃபையர்கள் பலவற்றில் ஹெட்ஃபோனுக்கென்று துளை இல்லை. ஸ்பீக்கர் கம்பி செல்லும் முனைகளில் சிறு இடைப்பெட்டி ஒன்றைப் பொருத்தி, அதில்தான் பின்னைச் செருக வேண்டும். பிறகு படிப்படியாகத் துளையும் பெட்டியின் முகப்பிலேயே இடம்பெற்றது.

கெய்ரோவில் பதிவான ஓதல்

மேற்கில் இவை நிகழ்ந்த அதே காலத்தில், குர்ஆன் ஓதலும் கருவிகளின் வழியே செவியை அடையத் தொடங்கியது. 1934 மே 31ஆம் நாள் எகிப்தின் அரசு வானொலி தொடங்கியபோது, அதன் முதல் ஒலியாக எழுந்தது ஷெய்கு முஹம்மது ரிஃப்அத் அவர்களின் ஓதல். புதிய கருவியில் இறைவேதத்தை ஒலிக்கச் செய்யலாமா என்ற தயக்கம் அறிஞர்களிடையே முன்பே எழுந்திருந்தது. கேளிக்கைப் பாடல்களை ஒலிக்கும் அதே பெட்டியில், கவனமின்றிப் பேசிச் சிரிக்கும் கூட்டத்தின் நடுவே வேதம் ஒலிக்குமே என்பது அவர்களின் கவலை. அக்கவலை இன்றும் பொருளிழந்துவிடவில்லை.

1959இல் லபீப் அஸ்ஸயீத் என்ற எகிப்திய அறிஞர், முழுக் குர்ஆனையும் முறையான ஓதலில் ஒலிப்பதிவு செய்ய வேண்டும் என்ற திட்டத்தை முன்வைத்தார். அதன்படி ஷெய்கு மஹ்மூது கலீல் அல்ஹுஸரீ அவர்களின் குரலில், ஆஸிமிடமிருந்து ஹஃப்ஸ் அறிவித்த ஓதல் முறையில் பதிவு நடந்தது. 1961இல் அது ஒலித்தட்டுகளாக வெளிவந்தது. 1964இல் குர்ஆனுக்கென்றே தனி வானொலி கெய்ரோவில் தொடங்கியது. எழுத்தில் தொகுக்கப்பட்ட வேதம், உச்சரிப்பின் நுட்பங்களோடு ஒலியிலும் தொகுக்கப்பட்டது என்று லபீப் அவர்கள் அப்பணியைக் கருதினார்.

வளைகுடா நாடுகளுக்கு உழைக்கச் சென்ற நம் சகோதரர்கள் ஊர் திரும்பும்போது ‘டூ-இன்-ஒன்’ பெட்டிகளோடு கிராஅத் கேஸட்டுகளையும் கொண்டு வந்தார்கள். கெய்ரோவிலும் மக்காவிலும் எழுந்த குரல்கள் நம் கடலோர ஊர்களின் திண்ணைகளிலும் கேட்டன. வஹாபித் தோட்டமோ வாடகைக் குடியிருப்போ, எந்தத் தெருவானாலும் அந்தப் பெட்டி ஒலித்தால் பத்து வீட்டுக்குக் கேட்கும். அன்று அதுவே பெருமையாகவும் இருந்தது.

இரண்டு துளைகளும் ஒரு பொத்தானும்

1979 ஜூலை 1ஆம் நாள் ஜப்பானில் சோனியின் முதல் வாக்மேன் விற்பனைக்கு வந்தது. அதன் மேற்புறத்தில் ஹெட்ஃபோனுக்கு இரண்டு துளைகள் இருந்தன. இருவர் சேர்ந்து கேட்கலாம். பக்கத்தில் இருப்பவரோடு பேச வேண்டுமானால் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். ஒலி தணிந்து, சிறு மைக் வழியாக மற்றவரின் குரல் ஹெட்ஃபோனுக்குள் வரும். ஒருவர் தனியே காதை மூடிக்கொண்டு கேட்பது அருகிலிருப்போருக்கு மரியாதைக் குறைவாகும் என்று அந்நிறுவனத்தின் தலைவர் அக்கியோ மொரிட்டா கருதியதே இவ்வமைப்புக்குக் காரணம். மக்களோ அதைத் தனியே கேட்கும் கருவியாகவே கொண்டனர். பின்வந்த வாக்மேன்களில் அந்தப் பொத்தான் மறைந்துபோயிற்று.

அந்தப் பொத்தானின் கதையில் நமக்கு ஒரு படிப்பினை உண்டு. ஸ்பீக்கர் பிறரின் செவிக்குள் அத்துமீறி நுழைகிறது. ஹெட்ஃபோனோ பிறரை நம் செவிக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. முன்னது அண்டை வீட்டாரின் உரிமையைப் பாதிக்கும். பின்னது நம் வீட்டாரின் உரிமையைப் பாதிக்கும். ஜுரைஜ் என்ற வணக்கசாலியைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் கூறிய வரலாறு நாம் அறிந்ததே. தொழுகையில் இருந்த அவரைத் தாய் அழைத்தார். அவர் பதிலளிக்காமல் தொழுகையைத் தொடர்ந்தார். தாயின் மனம் நொந்தது. தொழுகையில் இருந்தவருக்கே அந்தச் சோதனை வந்ததென்றால், இரு காதையும் மூடிக்கொண்டு தாயின் அழைப்பை அறியாமலே அமர்ந்திருக்கும் நம் நிலை என்ன? பாங்கின் ஓசை கேட்காது. ஸலாம் சொல்லி வருபவருக்குப் பதில் போகாது. அடுப்பங்கரையில் மனைவி கூப்பிடுவதும் தெரியாது. ஆகவே ஹெட்ஃபோனுக்கும் ஒரு நேரம் உண்டு. வீட்டார் விழித்துப் பேசும் வேளையில் ஒரு காதையேனும் திறந்து வைப்போம்.

நம் வீட்டில் இணைக்கும் முறை

வீட்டுப் பெட்டியில் 6.35 மில்லிமீட்டர் பெரிய துளை இருந்து, நம்மிடம் உள்ள ஹெட்ஃபோனின் பின் 3.5 மில்லிமீட்டர் சிறியதாக இருந்தால், சிறியதைப் பெரியதாக்கும் கன்வெர்ட்டர் பின் ஒன்று போதும். ஸ்டீரியோ பின்னில் இரண்டு கறுப்பு வளையங்கள் இருக்கும். அவை பின்னை மூன்று பகுதிகளாகப் பிரிக்கின்றன. நுனி இடது காதுக்கு, நடுப்பகுதி வலது காதுக்கு, அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான திரும்பு வழி. கன்வெர்ட்டரும் அதே மூன்று பகுதி உடையதாக இருத்தல் வேண்டும். இரண்டு பகுதி மட்டும் உள்ள மோனோ வகை ஆகாது.

பின்னைச் செருகுவதற்கு முன் ஒலிக் குமிழை முழுவதும் குறைத்துவிட வேண்டும். செருகிய பின் காதில் அணிந்து, மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். சில பெட்டிகளில் பின் நுழைந்ததும் ஸ்பீக்கர் தானே நின்றுவிடும். சிலவற்றில் நிற்காது, ‘ஸ்பீக்கர் ஏ, பி’ என்ற விசையை நாமே அணைக்க வேண்டும். இதைக் கவனியாமல் விட்டால், தனியே கேட்கிறோம் என்று நாம் நினைத்திருக்க, தெருவே கேட்டுக்கொண்டிருக்கும்.

துளையே இல்லாத பெட்டியாயின், ஸ்பீக்கர் கம்பி செல்லும் முனைகளில் ஹெட்ஃபோனை நேராக இணைத்துவிடக் கூடாது. ஸ்பீக்கரை இயக்க வேண்டிய ஆற்றலை வாட் கணக்கில் அளப்பர். ஹெட்ஃபோனுக்கோ ஒரு வாட்டின் ஆயிரத்தில் சில பங்கே போதும். நேராக இணைத்தால் ஹெட்ஃபோன் கருகலாம், செவியும் பழுதாகலாம். மேலும் ஹெட்ஃபோனில் இரு பக்கத்துக்கும் திரும்பு வழி ஒன்றே என்பதால், சில வகை ஆம்ப்ளிஃபையர்களில் அது குறுக்குச் சுற்றாகிப் பெட்டியையே கெடுத்துவிடும். பெட்டியின் பின்புறம் ‘டேப் அவுட்’ அல்லது ‘ரெக் அவுட்’ என்ற இரு துளைகள் இருக்குமானால், அவற்றிலிருந்து கம்பி எடுத்து, ஹெட்ஃபோனுக்கென்றே விற்கப்படும் சிறு ஆம்ப்ளிஃபையரில் இணைப்பதே பாதுகாப்பான வழி. அப்போது ஒலியின் அளவை அந்தச் சிறு பெட்டியின் குமிழே தீர்மானிக்கும். பெரிய பெட்டியின் குமிழ் அதைக் கட்டுப்படுத்தாது.

ஹிஃப்ழு செய்யும் பிள்ளைகளுக்கு இவ்விணைப்பு மிகப் பயன் தரும். கைப்பேசியின் சிறு ஸ்பீக்கரில் ஸீனுக்கும் ஸாதுக்கும் உள்ள வேறுபாடு தேய்ந்துவிடுகிறது. தடித்து ஒலிக்க வேண்டிய எழுத்தின் கனம் அதில் வருவதில்லை. நல்ல ஹெட்ஃபோனில் அல்ஹுஸரீ அவர்களின் ஓதலைக் கேட்கும் பிள்ளை, எழுத்து பிறக்கும் இடத்தையே உணர்ந்துகொள்கிறது. தம்பி தங்கை உறங்கும் அறையிலேயே ஸுப்ஹுக்கு முன் அமர்ந்து பாடம் பார்க்கலாம்.

செவி ஓர் அமானிதம்

செவி, பார்வை, உள்ளம் ஆகிய ஒவ்வொன்றைப் பற்றியும் மறுமையில் கேள்வி உண்டு என்று அதே ஸூரா பனூ இஸ்ராயீல் எச்சரிக்கிறது. எதைக் கேட்டோம் என்பதோடு, அந்தச் செவியை எப்படிப் பேணினோம் என்பதும் அதில் அடங்கும் என்று நாம் கருதுகிறோம். பெரியவர்கள் 80 டெசிபல் அளவில் கேட்டால் வாரத்திற்கு 40 மணி நேரம் வரை செவிக்குப் பாதுகாப்பு என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அது 90 டெசிபலானால், வாரத்திற்கு 4 மணி நேரமே. ஒலியில் பத்துப் படி ஏறினால் காலம் பத்தில் ஒன்றாகச் சுருங்குகிறது. செவியின் உட்புறத்தில் ஓசையை உணரும் நுண்மயிர்ச் செல்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. ஹெட்ஃபோன் அணிந்திருக்கையில் பக்கத்தில் இருப்பவருக்கும் அந்த ஒலி கேட்கிறதென்றால், அது நமக்கு மிக அதிகம் என்று பொருள்.

இனி நம் தெருக்களைப் பார்ப்போம். ரமளானில் ஸஹருக்கு எழுந்தவுடன் முழு ஒலியில் கிராஅத்தை வைத்துவிட்டு, சமையலில் மூழ்கிவிடும் வீடுகள் உண்டு. சுவருக்கு அப்பால் இரவுப் பணி முடித்து அப்போதுதான் கண்ணயர்ந்தவர் இருக்கலாம், நோயாளி இருக்கலாம், காலையில் தேர்வுக்குச் செல்லும் பிள்ளை இருக்கலாம். அவர் முஸ்லிமாகவும் இருக்கலாம், மாற்று மதத்தவராகவும் இருக்கலாம். அண்டை வீட்டார் என்ற உரிமை இருவருக்கும் உண்டு. நம் வீட்டில் யாரும் செவிகொடுத்துக் கேட்கவில்லை. கேட்க நேர்ந்தவரோ வேதனைப்படுகிறார். குர்ஆன் ஓதப்படும்போது செவிதாழ்த்தி மௌனமாக இருக்குமாறு கூறும் வசனம் தொழுகையைக் குறித்தது என்று விரிவுரையாளர் பலர் விளக்கியிருந்தாலும், அது கற்பிக்கும் ஒழுக்கம் தொழுகைக்கு வெளியேயும் நமக்கு அழகுதான். கேட்பவர் இல்லாத ஓதலை நிறுத்திவிடுவது வேதத்துக்குச் செய்யும் மரியாதை.

ஆகவே, வீட்டார் அனைவரும் அமர்ந்து கேட்கும்போது ஸ்பீக்கர் ஒலிக்கட்டும். அறைக்குள் கேட்கும் அளவே அதற்குப் போதும். ஒருவர் மட்டும் விழித்திருக்கும்போது ஹெட்ஃபோன் இருக்கட்டும். யாரும் கேளாதபோது பெட்டி மௌனமாகட்டும். திரையை விலக்கி நம் தலைவர் (ஸல்) அவர்கள் தந்த அறிவுரையை நிறைவேற்ற, இன்று நம்மிடம் ஒரு கம்பியும் ஒரு துளையும் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தத் தவறினால் சொல்ல நம்மிடம் காரணம் ஏதுமில்லை.

நம் நாவாலும் கையாலும், நாம் இயக்கும் கருவிகளாலும் பிறருக்குத் தீங்கு நேராமல் அல்லாஹ் நம்மைக் காப்பானாக. அவனுடைய வேதத்தைச் செவிதாழ்த்திக் கேட்டு, அதன்படி நடக்கும் நற்பேற்றை நம் அனைவருக்கும் நம் சந்ததியினருக்கும் வழங்குவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.